இருபத்தைந்து மீட்டரில் ஒரு நம்பர் பிளேட்

2019 ஜனவரியில் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்காம் எஸ்டேட் அருகே, கிளைச்சாலையிலிருந்து பெரிய சாலைக்குள் நுழைந்த ஒரு லேண்ட்ரோவர், நேராக வந்த காரோடு மோதிக் கவிழ்ந்தது. ஓட்டியவர் எலிசபெத் ராணியின் கணவர் பிலிப். வயது 97. அவருக்குப் பெரிய காயமில்லை. எதிர்க்காரில் இருந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. தாழ்ந்திருந்த சூரியனால் கண் கூசியதில் அந்தக் காரைக் காணவில்லை என்று அவருக்குப் பிலிப் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் அந்த 97-ஐத்தான் பேசினார்கள். எனக்கென்னவோ கடிதத்தில் இருந்த வெயில்தான் முக்கியமாகப் படுகிறது.

வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது. இருட்டிலும் பழையபடி விரிவதில்லை. லென்ஸ் மஞ்சளாகிறது. இரண்டும் சேர்ந்து, இருபது வயதில் விழித்திரைக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் கிடைக்கிறது. அந்தக் கொஞ்சமும் மங்கிய லென்ஸுக்குள் சிதறுகிறது. எதிரே ஹைபீமைக் குறைக்காமல் ஒரு லாரி வந்தால் கண்முன் எல்லாம் வெளுத்துப்போய், பார்வை மீள இளைஞரைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் வண்டி நின்றுகொண்டிருப்பதில்லை. அந்திக் கருக்கலில் சாம்பல் நிறச் சேலையுடன் சாலையைக் கடப்பவரைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காண்பதும் கடினமாகிறது.

இதையெல்லாம் ஆர்.டி.ஓ. அலுவலகம் எப்படிக் கண்டுபிடிக்கும்? 2019 சட்டத் திருத்தத்தின்படி, 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து ஆண்டுக்கே லைசென்ஸ் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கு மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ வேண்டும். விண்ணப்பதாரர் 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பர் பிளேட்டை நல்ல பகல் வெளிச்சத்தில் அடையாளம் காண்கிறாரா என்று அது கேட்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில்! மாலைக்கண் உண்டா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் அது வேறு நோய். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுபவர் இரண்டு கேள்விகளையும் தாண்டிவிடுவார். பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

கண் பார்ப்பது பாதிக் கதை. மூளை எவ்வளவு வேகமாக, எத்தனை இடத்தைச் சேர்த்துக் கவனிக்கிறது என்பது மீதி. அமெரிக்காவில் கார்லீன் பால், சிந்தியா ஓஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளக்க ஒரு சோதனையை உருவாக்கினார்கள். திரையின் நடுவில் ஒரு படமும், அதே கணம் ஓரத்தில் இன்னொன்றும் மின்னி மறையும். நடுவில் வந்தது என்ன, ஓரத்தில் எங்கே வந்தது என்று சொல்ல வேண்டும். முன்னால் போகும் பேருந்தின் பிரேக் லைட்டைப் பார்த்துக்கொண்டே, இடப்பக்கச் சந்திலிருந்து பந்தைத் துரத்தி வரும் பையனையும் கவனிப்பது போன்ற வேலை இது. 55 முதல் 90 வயது வரையிலான 294 ஓட்டுநர்களை வைத்து 1993-இல் வெளியான ஆய்வில், யார் விபத்தில் சிக்குபவர் என்பதை எழுத்துப் பலகையைவிட இந்தச் சோதனையே நன்றாகப் பிரித்துக் காட்டியது.

எல்லாமே இறங்குமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். புரை நீக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் ஓஸ்லி குழு சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதி. 2002-இல் வந்த முடிவு இது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பெற்ற மாநிலத்தில், புரையோடு இரவில் கார் ஓட்ட நியாயமே இல்லை. குளோகோமா அப்படியல்ல. ஓரப் பார்வை போன இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்வதால், இழப்பு இருப்பதே தெரியாது. “எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது” என்று அப்பா சொல்வது அவரளவில் உண்மை.

சரி, ஒரு வயது வைத்து எல்லோரையும் சோதித்து வடிகட்டிவிட்டால்? ஃபின்லாந்து அதைச் செய்தது. 70 வயதிலிருந்து மருத்துவப் பரிசோதனை. பக்கத்து ஸ்வீடனில் அப்படி எதுவும் இல்லை. இரு நாடுகளையும் ஒப்பிட்டு லீசா ஹக்கமீஸ்-புளோம்குவிஸ்டும் சகாக்களும் 1996-இல் எழுதினார்கள். ஃபின்லாந்து முதியவர்கள் காரில் மோதுவது குறைந்திருக்கவில்லை. சாலையில் நடந்து போகும்போது இறந்த முதியவர்கள்தான் அங்கே அதிகம். லைசென்ஸ் போனவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை, தகரக் கூடு இல்லாமல் அதே சாலைக்கு வந்தார்கள் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். டென்மார்க்கில் நினைவாற்றல் சோதனை வந்தபோதும் இதே போக்கு தெரிந்தது. 2017-இல் வயதை வைத்துப் புதுப்பிக்கும் முறையையே அந்நாடு கைவிட்டது.

இதை எதிர்த்துச் சொல்லவும் ஆள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். ஒரு தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு ஜப்பானில் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு அங்கே ஒரு சான்று அட்டை தருகிறார்கள், அதைக் காட்டிப் பல ஊர்களில் பஸ், டாக்ஸிக் கட்டணச் சலுகை பெறலாம்.

சலுகை சின்ன விஷயமில்லை. ஓட்டுவதை நிறுத்தியவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு என்று 2016-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் கண்டார்கள். நிறுத்திய பின்னும் வாழ்க்கை நீளமானது: அமெரிக்க முதியவர்களைப் பற்றிய 2002-ஆம் ஆண்டுக் கணக்கில், ஓட்டும் காலம் முடிந்தபின் ஆண்களுக்குச் சுமார் ஆறு ஆண்டுகளும் பெண்களுக்குச் சுமார் பத்து ஆண்டுகளும் மிச்சமிருந்தன.

நம் ஊரில் இதற்கு ஒரு விபரீதமான தீர்வு புழங்குகிறது. “கார் இனி வேண்டாம்ப்பா, பக்கத்துல போறதுக்கு ஸ்கூட்டி இருக்கு” என்பார்கள். பிள்ளைகளும் நிம்மதியாகிவிடுவார்கள். ஓட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால் முதியவர்களின் உயிரிழப்பு கூடுவதற்குப் பெருமளவு காரணம், அவர்கள் அதிகம் மோதுவதல்ல. மோதினால் எலும்பும் நெஞ்சுக்கூடும் தாங்காததே. அந்த உடம்பைக் காரிலிருந்து இறக்கி இரண்டு சக்கரத்தில் ஏற்றுவது ஃபின்லாந்து செய்ததைவிட மோசம். முதலில் ஸ்கூட்டியை நிறுத்துங்கள், அடுத்து இரவு ஓட்டத்தை. தூக்க மாத்திரையோ சளி மாத்திரையோ போட்ட நாளில் சாவியைத் தொடாதீர்கள். பழக்கமான சாலையில் பகலில் ஓட்டும் கார் கடைசியாகப் போகட்டும்.

முழங்கால் தேய்ந்தவருக்கு நடப்பதைவிட ஓட்டுவது சுலபம் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். சென்னை மாநகரப் பேருந்தில் 60 வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் கிடைக்கிறது. வழக்கமான பேருந்தின் முதல் படியோ அவர்களால் எட்டிவைக்கக்கூடிய உயரத்தில் இல்லை. நீதிமன்றம் வரை போன பிறகு, 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் திரும்ப வந்தன. நிறுத்தத்தில் நடைபாதைப் பக்கம் சற்றே சாய்ந்து இறங்கிக் கொடுக்கும். எல்லாத் தடங்களிலும் இல்லை. ஆகவே கார் வாசலில் நிற்கும்போதே, வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் சில மாதம் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் போய்ப் பழக வேண்டும். எந்த நிறுத்தத்தில் உட்கார இடமில்லை, எங்கே நடைபாதை பாதியில் முடிகிறது, கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கு வரும் ஆட்டோக்காரர் யார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.