தேகாப்பியாசமும் தாளந்தவறும் இருதயமும்

பழைய மாணவர் அணியும் இன்றைய மாணவர் அணியும் மைதானத்தில் எதிர்நின்று ஆடுதல் யூபிலி விழாக்களின் வழக்கம். ஆண்டுக்கணக்காக மேசைமுன் அமர்ந்து கடமையாற்றிய கால்கள் அன்றொரு நாள் பதினெட்டு வயதை எய்திவிடுகின்றன. இருதயம் அவ்வாறு எய்துவதில்லை. ஆதலின், இருதய நோயுடையாரிடத்து உடலுழைப்பின்போது துடிப்பின் ஒழுங்கு பிறழ்வது எங்ஙனம் என்பதைச் சிறிது விளக்க விழைகின்றோம்.

வலது சோணையறையின் மேற்புறத்தே சிறு கணு ஒன்றுண்டு. ஆதர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் 1907 இல் அதனை விவரித்தனர். தாளம் போடும் நட்டுவனார் அக்கணுவே. அது எழுப்பும் மின்கணத்தாக்கம் சோணையறைகளிற் பரவி, இடைக்கணுவிற் சற்றே தயங்கி, இதயவறைகளை அடைய, அவை சுருங்கிக் குருதியை வெளியே தள்ளுகின்றன. ஓய்வில் இது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை நிகழும். ஓடும்போது நரம்பின் கடிவாளம் தளர, குருதியில் அதிரினலின் பெருக, துடிப்பு விரைகின்றது. நல்ல இருதயம் இதனை எளிதிற் பொறுக்கும்.

நோயுற்ற இருதயத்தின் நிலை வேறு. இடது இதயவறையின் தசை, தான் தளர்ந்திருக்கும் வேளையிலேதான் தனக்குரிய குருதியிற் பெரும்பங்கைப் பெறுகின்றது. துடிப்பு விரையுந்தோறும் அவ்வேளை சுருங்கும். முடியுரு நாடி ஒடுங்கியிருப்பின், தேவை மிக, வரவு குறைய, பட்டினியுற்ற கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியேறி அவற்றின் மின்னியல்பு கெடுகின்றது. முன்னர் மாரடைப்புக் கண்டவரிடத்தோ, தழும்பினூடே எஞ்சிய உயிருள்ள நார்களில் கணத்தாக்கம் மெதுவாய்ச் சென்று, செக்கு மாடுபோல ஒரே வட்டத்திற் சுழலத் தொடங்கும். நட்டுவனாரின் தாளம் அப்போது எடுபடாது. அச்சுழற்சி வெறும் நடுக்கமாய் மாறின், குருதி ஓடாது. சில வினாடிகளில் நினைவு தவறும்.

இளைஞர் இது முதியோர்க்கே உரியதென எண்ணற்க. 2003 இல் பிரான்சின் லியோன் நகரில் ஆடுகையில் வீழ்ந்து இறந்த கமரூன் உதைபந்தாட்ட வீரர் மார்க் விவியன் போவுக்கு வயது 28. பரம்பரையாய் வரும் இருதயத்தசைத் தடிப்பே காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கையிலேயே மயங்கி விழும் மாணவனை, வெயிலென்றும் வெறுவயிறென்றும் கூறி ஆசிரியர் விட்டுவிடலாகாது. வைத்தியரிடம் அனுப்புதல் கடன்.

ஆபத்து ஓட்டத்தோடு முடிவதுமன்று. நின்றபின்னும் அதிரினலின் உடனே குறைவதில்லை. கால்களிற் குருதி தேங்குகின்றது. உழைப்பின்போது குருதியில் உயர்ந்த பொற்றாசியம் சட்டென இறங்குகின்றது. 2003 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, ஓடும்போது தோன்றும் தவறுதுடிப்புக்களிலும் பார்க்க, ஓடியபின் இளைப்பாறுகையில் அடிக்கடி தோன்றுவனவே பிற்கால மரணத்தை நன்கு முன்னறிவித்தன எனக் காட்டிற்று. ஓடியவர் உடனே அமராது, சில நிமிடம் மெல்ல நடத்தல் நன்று.

தவறுதுடிப்பை அடக்கிவிட்டால் ஆபத்து நீங்கும் என வைத்தியர் பலர் ஒருகால் நம்பினர். மாரடைப்புற்றோர்க்கு அவ்வாறு அடக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பரிசோதனையில், பிளெக்கனைட்டு, என்கனைட்டு என்பவற்றை உண்டோரே வெறுங்குளிகை உண்டோரிலும் அதிகமாய் இறந்தமை 1989 இல் வெளியாயிற்று. தாளம் சீராயிற்று, ஆள் போயினார்! அயலார் தந்த குளிகையை விழுங்கும் நம்மவர் இதனை அறிதல் வேண்டும்.

இவ்வளவும் கூறியது தேகாப்பியாசத்தைக் கைவிடுமாறன்று. நாடோறும் நடந்து பழகிய உடலுக்கு, திடீரென ஓடும் உடலிலும் ஆபத்து மிகக் குறைவு. நாற்பதைக் கடந்து, நீரிழிவோ குருதியழுத்தமோ நெஞ்சுநோவோ உடையவர் ஆட்டத்துக்குச் சில வாரம் முன்னரே வைத்தியரை அணுகி, வேண்டின் ஓடுபட்டியில் ஓடி மின்வரையம் எடுப்பிப்பாராக. மைதானத்தின் அருகே மின்னதிர்ச்சி தரும் கருவியும், நெஞ்சை அழுத்தப் பழகிய இருவரும் இருத்தல் வேண்டும். இவ்வுதவி கிடையாவிடின் வீழ்ந்தவர் பிழைக்கும் வாய்ப்பு நிமிடந்தோறும் 7 முதல் 10 வீதம்வரை குறைகின்றது. 2021 இல் கொப்பன்கேகனில் வீழ்ந்த டென்மார்க்கு வீரர் கிறித்தியன் எரிக்சன் அவ்வுதவியாற் பிழைத்து, நெஞ்சுள் ஒரு கருவி பதிக்கப்பெற்று, மறுவருடமே மைதானத்துக்குத் திரும்பினார்.