தென்னைக்குக் குழி எடுக்கும் முன் கூலியைப் பேசுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, அறந்தாங்கி பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அந்த நிலத்தில் மறுபடி தென்னை வைக்க நினைப்பவர்கள் ரகத்தையும் கன்றையும் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். குழி வெட்ட வரும் ஆட்களிடம் என்ன பேச வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பாதித் தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வேலை பழைய தூர்களை அகற்றுவது. மட்கிய தூரிலும் மரத்துண்டிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அதை ஓரத்தில் குவித்துவிட்டு நடுவில் புதுக்கன்று வைத்தால், வண்டுக்கு வீடும் சாப்பாடும் நாமே கொடுத்ததாகிவிடும். அப்புறப்படுத்த முடியாத மட்கலில் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்துவிட்டால் புழுக்கள் நோய் கண்டு சாகும்.

தூருக்கு அடியில் பாம்பும் தேளும் இருக்கும். வெறுங்கையால் புரட்டச் சொல்லாதீர்கள். கடப்பாரையால் நெம்பிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கையுறையும் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும் நிலத்துக்காரர் வாங்கித் தர வேண்டியவை. பாம்பு கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது குழி. 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 70 கன்று. சாதாரண மண்ணில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி போதும். செம்புறாங்கல் தட்டும் இடத்தில் நான்கடி எடுக்க வேண்டும். அத்தகைய மண்ணில் நடுவதற்கு ஆறு மாதம் முன்பே குழிக்கு 2 கிலோ சமையல் உப்பு போட்டு வைத்தால் கல் இளகிக் கொடுக்கும். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை இது.

இங்கேதான் கணக்கைக் கவனியுங்கள். மூன்றடிக் குழியில் அள்ளும் மண் 27 கன அடி. நான்கடிக் குழியில் 64 கன அடி. ஓர் அடிதான் கூடுகிறது, வேலையோ இரண்டு மடங்குக்கும் மேல். அதிலும் பாதி கல். 'குழிக்கு இவ்வளவு' என்று பொதுவாகப் பேசிவிட்டு, கல் தட்டியதும் "இன்னும் ஓர் அடி இறக்கு" என்று சொன்னால் ஆள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போவதில் தப்பில்லை. நிலத்தில் இரண்டு மூன்று இடத்தில் முதலில் நாள் கூலிக்கு மாதிரிக் குழி எடுத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு குழிக் கணக்குப் பேசினால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இருக்காது.

அளவுக் குச்சி ஒன்றை வெட்டி ஆட்களிடமே கொடுத்துவிடுங்கள். மேல் மண்ணை ஒரு பக்கம், அடி மண்ணை மறுபக்கம் போடச் சொல்வதும், குழி விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளிப் போடச் சொல்வதும் முதல் குழியிலேயே நடக்க வேண்டும். நீங்கள் அடையாளம் தவறாக வைத்து மறுபடி வெட்ட நேர்ந்தால், அந்தக் கூலி உங்களுடையது.

வெயில் காலத்தில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் நிறுத்துவது நல்லது. மீதியை மாலை வெயில் தாழ்ந்த பிறகு பார்க்கலாம். நிழலில் குடிதண்ணீரும் மோரும் இருக்கட்டும். தலைசுற்றல், வாந்தி என்று ஒருவர் சொன்னால் உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பை நனைத்துவிடுங்கள். வியர்வை நின்று பேச்சுக் குழறினால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை.

எரு சுமப்பதும் குழி நிரப்புவதும் பெரும்பாலும் பெண்கள்தான். எரு, செம்மண், மணல் மூன்றையும் சம அளவில் கலந்து இரண்டடி உயரத்துக்கு நிரப்ப வேண்டும். ஏக்கருக்கு 70 குழி என்றால் எத்தனை நடை என்று எண்ணிப் பாருங்கள். அதே சட்டியை ஆணும் தூக்கினால், இருவருக்கும் ஒரே கூலி என்பது 1976-லேயே வந்த சட்டம். கூலியை அன்றன்று மாலை அவரவர் கையில் கொடுங்கள். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்தால் யாருக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்குத் தெரியாது.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளர்களும் உறுப்பினராகலாம். உங்கள் ஆட்களிடம் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவர்களை கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்பி வையுங்கள்.

மார்கழியில் நட நினைப்பவர்கள் செம்புறாங்கல் நிலத்தில் ஆனியிலேயே குழி எடுத்து உப்பைப் போட்டிருக்க வேண்டும். இடையில் ஐப்பசி மழை வரும், குழிகளில் தண்ணீர் நிற்கும். பள்ளிப் பிள்ளைகளும் ஆடு மாடுகளும் போகும் வழி என்றால், சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுங்கள். அதற்கும் ஒரு நாள் கூலியை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.