ஜி.என்.டி. சாலையில் ஓடும் பைக்குக்கு பிரேக் பராமரிப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் காலை ஷிஃப்டுக்கு பைக்கில் போகிறவர்கள் ஏராளம். தச்சூர், கவரைப்பேட்டை வழியாக ஜி.என்.டி. சாலையில் அவர்களோடு சேர்ந்து ஓடுவது எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போய்வரும் கண்டெய்னர் லாரிகள். 60 கி.மீ. வேகத்தில் பைக் ஒரு விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கையும் காலும் பிரேக்குக்குப் போவதற்குள் அவ்வளவு தூரம் கடந்துவிடும். வண்டி நிற்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். அந்த மிச்சத் தூரத்தைக் குறைக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

இந்தப் பகுதியில் சர்வீஸ் கிலோமீட்டரை மட்டும் நம்பி இருக்க முடியாது. ரோலிங் மில்களின் தூசி, லாரிகள் கிளப்பும் மண், பழவேற்காடு பக்கத்து உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கும் சேற்றுத் தண்ணீர் எல்லாம் பிரேக்குக்குள் போகின்றன. உப்பு கேபிளைத் துருப்பிடிக்க வைக்கும், தூசி டிரம்முக்குள் அரம் போல வேலை செய்யும். மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

முதலில் டிரம் பிரேக். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு பின் பிரேக் பெடலை மெதுவாக அழுத்துங்கள். பிரேக் பிடிப்பதற்கு முன் பெடல் சும்மா இறங்கும் தூரம் பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள். அதிகமாக இறங்கினால் பின்சக்கரத்துப் பக்கம் இருக்கும் அட்ஜஸ்ட் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நட்டின் அரைவட்டப் பள்ளம் பின்னில் சரியாக உட்கார வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும். உரசினால் டிரம் சூடேறும், பெட்ரோலும் வீணாகும். பெடலைச் சரிசெய்தபின் பிரேக் விளக்கு சரியாக எரிகிறதா என்றும் பாருங்கள். பின்னால் லாரி வரும் சாலையில் அந்த விளக்கும் பிரேக்கின் ஒரு பகுதி.

நட்டை இறுக்கிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. பல வண்டிகளில் பிரேக் ஆர்மில் ஒரு முள்ளும் பக்கத் தட்டில் ஒரு குறியும் இருக்கும். பிரேக்கை அழுத்தும்போது முள் அந்தக் குறியைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு ஷூவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஏர் அடிக்கவும் விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தால் போதும். கேமுக்கு மட்டும் மெல்லிய கிரீஸ். ஷூவில் ஒரு துளி பட்டாலும் பிடிப்பு போய்விடும்.

டிஸ்க் பிரேக்கில் பேடின் நடுவில் ஒரு கோடு குழிந்திருக்கும். அது மறையும் நிலைக்கு வந்தால் பேடை மாற்றிவிடுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது பிரேக் ஆயிலை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டியின் சமதரையில் ஆயில் கொதிப்பது அரிது. ஆனால் அதே வண்டியில் இருவராகத் திருமலை போய் மலைப்பாதையில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ஆயில் கொதித்து, லீவர் பிடிப்பில்லாமல் உள்ளே போய்விடக்கூடும். நம் கடலோர ஈரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பரும் உள்ளிருந்தே அரிக்கப்படும். அதனால் 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். டாட் 5 சிலிக்கான் வகை, அதை டாட் 4 ஆயிலுடன் கலக்கக் கூடாது. பிரேக் ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஆயில் மட்டம் குறைந்தால் உடனே ஊற்றிவிடாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் தானாகவே இறங்கும். முதலில் பேடையும், எங்காவது கசிகிறதா என்பதையும் பாருங்கள். புதுப் பேட் போட்டபின் லீவரைப் பல முறை அழுத்தி, அது இறுகும் வரை வண்டியை நகர்த்தவே கூடாது. இதை மறந்தால் முதல் திருப்பத்திலேயே பிரேக் இருக்காது. முதல் 200 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக் போடாமல் ஓட்டுங்கள்.

அப்கிரேட் என்றதும் பெரிய டிஸ்க்கும் ஸ்டீல் பின்னல் ஹோஸும்தான் நினைவுக்கு வரும். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு அவை தேவையில்லை என்பது என் கருத்து. புது கேபிள், புது ஆயில், தரமான ஷூ அல்லது பேட், நல்ல டயர் ஆகியவையே நிற்கும் தூரத்தைக் குறைக்கும். டயர் வழுக்கினால் எந்த டிஸ்க்காலும் பயனில்லை. பாடியில் 1962 முதல் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரில் 1964 முதல் ரானே பிரேக் லைனிங் என்று பிரேக் தொழில் வேரூன்றிய ஊர்ப்பக்கம் நம்முடையது. இங்கே இருந்துகொண்டு பெயர் தெரியாத பேடை வாங்க வேண்டியதில்லை.

டிரம்மைக் கழற்றி டிஸ்க் பொருத்தும் யோசனையையும் விட்டுவிடுங்கள். நிறுவனம் வடிவமைத்ததை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. 2019 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம். 125 சி.சி. வரை ஏபிஎஸ் அல்லது இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் காம்பி பிரேக் வேண்டும் என்று அப்போது விதி வந்தது. காம்பி வண்டியில் பின் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்தால் முன்பக்கமும் மாறலாம். கையேடு சொல்லும் வரிசையில் செய்யுங்கள். ஏபிஎஸ் யூனிட், காலிப்பர் சீல், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மற்ற எந்த வேலையை முடித்தாலும், வண்டி இல்லாத தெருவில் 20 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்த பிறகே ஜி.என்.டி. சாலையில் ஏறுங்கள்.