குறுகிய குடலை வெட்டுவதா, விரிப்பதா?

கிரோன் நோயில் குடல் ஏன் குறுகுகிறது? அழற்சி வருவதும் ஆறுவதுமாக இருக்க, குடல்சுவரில் தழும்பு தடிக்கிறது. பழைய தழும்பை மருந்தால் கரைப்பது கடினம்.

குறுகல் 5 செ.மீ.க்குள், எண்டோஸ்கோப் எட்டும் இடத்தில் இருந்தால் பலூன் செலுத்தி விரிக்கலாம். இல்லையேல் அறுவை சிகிச்சைதான். கெட்ட பகுதியை வெட்டி, முனைகளை இணைப்பது பழகிய வழி. ஆனால் நோய் திரும்பலாம். திரும்பத் திரும்ப வெட்டினால் சத்தை உறிஞ்சப் போதிய சிறுகுடல் மிஞ்சாது.

மாற்று வழி: குறுகலை நீளவாக்கில் கீறி, குறுக்குவாக்கில் தைப்பது. பாதை அகலும், குடலும் தங்கும். குடல் காசநோய்க்காக இந்திய மருத்துவர்கள் 1977இல் வெளியிட்ட இம்முறையை, ஆக்ஸ்ஃபோர்டின் இமானுவல் லீ 1980களின் தொடக்கத்தில் கிரோன் நோய்க்குப் பயன்படுத்தினார். சுமார் 10 செ.மீ. வரையிலான குறுகலுக்கு இது பொருந்தும்.

அந்த இடத்தில் சீழ்க்கட்டியோ, ஓட்டையோ, புற்றுநோய் ஐயமோ இருந்தால் வெட்டி எடுப்பதே சரி.