நத்தார்க் கள்ளியும் திருகோணமலை வெக்கையும்

திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றிலே எமது வீடு இருக்கின்றது. எதிர்வீட்டு விறாந்தையில், வளையிற் கட்டிய கம்பியில் மண்சட்டி ஒன்று தொங்கும். நண்டுக் கால்களை ஒன்றோடொன்று கோத்துவிட்டாற் போன்ற பச்சைத் தண்டுகள் அதிலிருந்து நாற்புறமும் வழிந்து கிடக்கும். சட்டிக்கு உரியவர் எண்பது வயதைக் கடந்த கத்தோலிக்க மூதாட்டி. அவருடைய கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குப் போய், நுவரெலியாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலே கிளாக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பின்னர் மகளோடு வாழவென இங்கு வந்த மூதாட்டியார், அந்நாளைய வாழ்வின் நினைவாகக் கொண்டுவந்த பொருள்கள் இரண்டு. ஒன்று சுவர்க்கடிகாரம், மற்றது இந்தக் கள்ளிச் சட்டி. கடிகாரம் இன்றும் ஓடுகின்றது. கள்ளிதான் பூக்கவில்லை.

"அங்கை இருக்கேக்க ஒவ்வொரு நத்தாருக்கும் பூக்கும், தம்பி. பாலன் பிறப்புப் பூசைக்குப் போகமுன்னம் அவர் லாம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பூவை எண்ணுவார். இஞ்சை வந்து அஞ்சு நத்தார் போட்டுது. ஒரு மொட்டுக்கூட இல்லை. படிச்ச ஆள், நீங்களாவது சொல்லுங்கோ, இதுக்கு என்னிலை என்ன கோவம்?"

நான் கல்லூரியிலே கற்பிப்பது வரலாறு, தாவரவியல் அன்று. ஆயினும் 'படித்த ஆள்' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அறியாத பொருளிலும் அறிந்தவன் போல நடந்துகொள்ளும் பலவீனம் எம்போன்றோர்க்கு உண்டு. "பார்ப்போம் அம்மா" என்று சொல்லி வீட்டுக்கு வந்து, ஆங்கிலத் தோட்டக்கலை நூலொன்றைத் தேடியெடுத்தேன்.

கள்ளி என்றதும் வெயிலும் மணலும் முள்ளுமே நம் மனத்தில் எழுகின்றன. வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளியைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். உண்மையில் சதுரக்கள்ளி, இக்கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. கிள்ளினாற் பால் வடியும் வேறொரு குடும்பத்தது அது. கடற்கரை மணலிலே படர்ந்து மஞ்சட் பூப் பூக்கும் நாகதாளியோ மெய்யான கள்ளி; ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது. நத்தார்க் கள்ளி இவ்விரண்டையும் ஒவ்வாதது. பிறேசில் நாட்டின் தென்கிழக்குக் கரையோர மலைக்காடுகளிலே, மரக்கிளைகளின் கவர்களிலும் பாசி படர்ந்த பாறை இடுக்குகளிலும், முகில் தவழும் நிழலிலே வாழும் செடி அது. மரத்தைப் பற்றி நிற்குமேயன்றி அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. நாம் இலை என்று எண்ணுபவை தட்டையான தண்டுத் துண்டங்கள். அவற்றின் நுனியிலிருந்தே மொட்டு வரும்.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதன் தாய்நாட்டிலே அதனை 'மே மாதப் பூ' என்கின்றனர். பூமத்தியரேகைக்குத் தெற்கே இரவு நீண்டு குளிர் தொடங்குவது மே மாதத்தில் அன்றோ? வடக்கே கொண்டு வரப்பட்டதும் அது பருவத்தை மாற்றிக்கொண்டு டிசம்பரிற் பூத்தது. ஐரோப்பியர் நத்தாரோடு அதனை இணைத்துவிட்டனர். செடிக்குப் பண்டிகை தெரியாது. இரவும் குளிருமே தெரியும்.

இரவு நீளவேண்டும் என்பதை அந்நூலில் வாசித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலத் தோன்றிற்று. மூதாட்டியாரின் விறாந்தைக்கு நேரெதிரே தெருவிளக்கு ஒன்று விடியுமட்டும் எரிகின்றது. அதற்கப்பாற் கப்பற்றுறை விளக்குகளின் வெளிச்சம் வானத்தையே வெளுப்பிக்கும். செடிக்கு இரவே இல்லை. பின் எங்ஙனம் பூக்கும்? 2022 நவம்பர் முதலாந் தேதி தொடக்கம், மாலை ஆறு மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியாற் சட்டியை மூடி, காலை எட்டு மணிக்குத் திறக்கும்படி ஏற்பாடு செய்தேன். பதினான்கு மணி நேர இருள். மூதாட்டியார் செபமாலை முடித்த கையோடு பெட்டியைக் கவிழ்ப்பார். காலையிலே கல்லூரிக்குப் புறப்படும் நான் அதனை எடுத்துவிடுவேன். ஒழுங்கைப் பிள்ளைகள் "சேர், உள்ளுக்கை கோழியோ?" என்று கேட்பார்கள்.

ஐந்து வாரங் கழிந்தும் மொட்டு வரவில்லை, கேடே வந்தது. வாடைமழை தொடங்கிவிட்ட காலம். ஈரக் காற்றும் மூடிய பெட்டியின் புழுக்கமும் சேர்ந்து, செடியின் அடித்தண்டு அழுகிவிட்டது. ஒருநாட் காலை நான் பெட்டியைத் தூக்கியபோது ஒரு பக்கத்துத் தண்டுகள் அனைத்தும் என் காலடியிற் கழன்று விழுந்தன. மூதாட்டியார் ஒன்றுஞ் சொல்லவில்லை. குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி மடியிலே போட்டுக்கொண்டார். அன்று வகுப்பிலே நான் என்ன கற்பித்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

மாலையிலே அந்நூலை மீண்டும் எடுத்தேன். இருளைப் பற்றிச் சொன்ன அதே பக்கத்திலே, இரவு வெப்பம் 15 பாகை செல்சியசை அண்டியிருத்தல் நன்று என்பதும் இருந்தது. அதனை நான் வாசித்தும் வாசியாதவன் ஆகியிருந்தேன். அந்நூல் குளிர்நாட்டவர்க்காக எழுதப்பட்டது. அவர்கட்குக் குளிர் தேடாமலே கிடைப்பது, விளக்கொளிதான் இடைஞ்சல். நமக்கோ நிலைமை நேர்மாறு.

சற்றுச் சிந்தித்திருந்தால் நூலின்றியே இதனை அறிந்திருக்கலாம். நுவரெலியா ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டிலும், திருகோணமலை எட்டரைப் பாகையிலும் உள்ளன. டிசம்பர் மாதத்து இரவு இரண்டிடத்திலும் பன்னிரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். நமது இரவுதான் சில நிமிடம் நீளமானது. இருளே காரணமாயின் இங்கன்றோ முதலிற் பூத்திருக்க வேண்டும்? ஆனால் நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் உயரமான இடம். டிசம்பர், ஜனவரி இரவுகளிலே 10 பாகையளவுக்கு இறங்குவது அங்கு வழக்கம்; சில விடியல்களிற் புல்லின்மீது உறைபனியும் வெளுத்துக் கிடக்கும். திருகோணமலையிலோ வாடைக்காலத்து இரவுகூட 24 பாகையை அண்டியே நிற்கின்றது. இரவின் வெப்பம் 15 பாகைக்குக் கீழ் இறங்கினால் இரவு நீண்டாலும் குறுகினாலும் இச்செடி மொட்டு விடும். 15க்கும் 20க்கும் இடையில் நீண்ட இரவும் தேவை. 24ஐத் தாண்டிவிட்டால் எத்தனை மணி நேரம் இருட்டில் வைத்தாலும் மொட்டு அரிது. கோபித்துக்கொண்டது கள்ளியன்று என்று மறுநாள் போய்ச் சொன்னேன்.

தேடப் புகுந்த இடத்திலே, வரலாற்று ஆசிரியனுக்கு உரிய பண்டம் ஒன்றும் கிடைத்தது. இன்று உலகெங்கும் நத்தார்க் கள்ளி எனப்படுவது, பெரும்பாலும் இரண்டு இனங்களோ அவற்றின் கலப்போ ஆகும். துண்டத்தின் ஓரம் கூரிய பற்களாய் இருப்பது ஓரினம். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்து சென்றுவிட்டது. மற்றதனை 1837இல் றியோ டி ஜெனீரோவுக்கு அண்மையிலுள்ள ஓர்கன் மலைகளிலே கண்டெடுத்தவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் கார்ட்னர் என்னும் தாவரவியலாளர். இவ்விரண்டையும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்திற் பக்லி என்பவர் கலந்து உண்டாக்கியதே, ஓரம் மழுங்கி வளைந்த பழைய நத்தார்க் கள்ளி. மூதாட்டியாருடையது அவ்வகையே. பேரினத்துக்கு ஷ்லம்பர்கேரா என்ற பெயரை 1858இல் இட்டவர் லெமெயர். பிரான்சு நாட்டிற் கள்ளிகளைச் சேர்த்து வளர்த்த ஷ்லம்பர்கர் என்பவரின் நினைவாக அவ்வாறு பெயரிட்டார்.

அந்தக் கார்ட்னர் பிறகு எங்கே போனார்? 1844இல் நமது பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு அத்தியட்சகராக வந்தார். பிறேசிலிலே தாம் பட்ட பயண அநுபவங்களை 1846இல் நூலாக வெளியிட்டார். 1849 மார்ச் மாதத்தில், நாற்பது வயதை எட்டுமுன்னரே, காலமானார். காலமான இடம் நுவரெலியா! தாம் ஓர்கன் மலையிற் கண்ட செடியின் சந்ததி, தாம் கண்மூடிய மலையிலே ஒரு தோட்டத்துக் கிளாக்கரின் வீட்டில் நத்தார் தோறும் பூக்குமென்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். இதனை மூதாட்டியாரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த மனுசனுக்குப் பிள்ளையள் இருந்ததோ?"

இன்னொரு செய்தி மாணவர்கட்கு. கள்ளிக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. ஒன்றே ஒன்றைத் தவிர. அவ்வொன்று ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் நமது இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகின்றது. மரங்களிலிருந்து பச்சைச் சரடுகளாய்த் தொங்கி, முத்துப் போன்ற சிறிய வெண்கனிகளைத் தருவது. நத்தார்க் கள்ளிக்கு அது நெருங்கிய உறவு. சமுத்திரத்தைத் தாண்டி அது எவ்வாறு வந்தது, பறவையாலா கப்பலாலா என்று அறிஞர்கள் இன்னமும் வாதிடுகின்றார்கள்.

இனி, எஞ்சிய செடியை எவ்வாறு காப்பாற்றினோம் என்பதைச் சொல்லவேண்டும். நம்மூர்க் கரையோரத்தில் இதனை வளர்க்க விரும்புவோர்க்குப் பயன்படும். விழுந்த துண்டங்களில் அழுகாதவற்றைத் தெரிந்து, மூன்று கணுவுக்கு ஒன்றாகத் திருகி எடுத்தோம். வெட்டுவாய் உலரும்படி இரண்டு நாள் நிழலில் வைத்தோம். பின்னர் ஓரங்குல ஆழத்தில் நட்டோம். மண்தான் முக்கியம். தோட்டத்து மண்ணை அப்படியே இட்டால் மழைக்காலத்திற் சேறாகி வேரைக் கொன்றுவிடும். மக்கிய இலைக்குப்பை ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, சிறிதாய் நறுக்கிய பொச்சுமட்டை ஒரு பங்கு என்று கலந்தோம். கடற்கரை மணல் உதவாது, உப்பு. பொச்சுமட்டையையும் இரண்டு மூன்று தரம் நீரில் ஊறவைத்துப் பிழிந்தே இடவேண்டும். மரத்தின் கவரிலே வாழ்ந்த செடிக்கு வேர்ப்பக்கம் காற்றோட்டம் வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் மற்றவை தாமாக விளங்கும்.

தண்ணீர் விடயத்திற் பலர் இரண்டு விதமாகத் தவறுகின்றனர். கள்ளிதானே என்று காயவிடுவோர் ஒருசாரார். செல்லமாக நாள்தோறும் வார்ப்போர் மற்றொரு சாரார். விரலை வைத்துப் பார்த்து மேல் ஓரங்குலம் உலர்ந்திருந்தால் மட்டும் வார்க்க வேண்டும். சட்டியின் கீழ்த்தட்டில் நீர் தேங்கக் கூடாது. எம் ஒழுங்கைக் கிணறுகள் கோடையில் உவர்ப்பதால், மழைநீரைப் பிடித்துவைத்து வார்க்கின்றோம். மே தொடக்கம் செத்தெம்பர் வரை வீசும் கச்சான், அனல் போலத் துண்டங்களைச் சுருக்கிவிடும். அக்காலத்திற் சட்டியை வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுகின்றோம். காலை வெயில் சிறிது படலாம். உச்சி வெயில் பட்டால் தண்டு செம்மை பாயும்; அது அழகன்று, துன்பம். கணுக்களிலே வெண்பஞ்சு போல மாவுப்பூச்சி படிந்தால், சவர்க்கார நீரில் நனைத்த துணியாற் துடைத்தாற் போதும்.

இவ்வளவுஞ் செய்தாற் பூக்குமா? பச்சையாய்ச் செழித்துத் தொங்கும். பூவுக்கு உறுதி கூற என்னால் இயலாது. பூவே வேண்டுமென்போர்க்கு நம்மூரில் நிஷாகந்தி இருக்கின்றது. அதுவும் மரத்திலே வாழும் கள்ளியே. சிங்கள மக்கள் கடுப்புல் என்பார்கள். வெக்கையை அது பொருட்படுத்துவதில்லை. இரவில் மலர்ந்து, தெருவெல்லாம் மணத்து, விடியுமுன் வாடிவிடும். என் மனைவி அதிலொன்றை மூதாட்டியாருக்குக் கொடுத்தாள். அவர் நன்றியோடு வாங்கிக் கிணற்றடியில் வைத்தார். விறாந்தைக் கம்பியில் வைக்கவில்லை.

நட்ட துண்டங்கள் ஐந்து வேரூன்றின. மூதாட்டியாரின் பேர்த்தி ஹட்டனிலே ஆசிரியை. 2023 ஜனவரியில் விடுமுறை முடிந்து அவள் திரும்பியபோது, இரண்டு சிறு சட்டிகளைக் கொடுத்தனுப்ப வேண்டுமென்று நான் சொன்னேன். மூதாட்டியார் உடனே இசையவில்லை. "அவர் தொட்ட செடி, என்னட்டையே இருக்கட்டும்" என்றார். பூக்காமல் அருகில் இருப்பதா, பூத்துத் தொலைவில் இருப்பதா என்பதை அவர்தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. பேருந்துக்குப் புறப்படும் வேளையில், ஒரு சட்டியைப் பழைய புதினத்தாளிலே சுற்றிப் பேர்த்தியின் கையிற் கொடுத்தார். மற்றதனைக் கொடுக்கவில்லை.

அவ்வாண்டு நத்தாருக்கு முதல்நாள் மாலை எதிர்வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஹட்டனிலிருந்து பேர்த்தி கைத்தொலைபேசியிற் படம் அனுப்பியிருந்தாள். சாளரத்தோரம் சிறு சட்டி. கைவிரலளவு நீண்ட இளஞ்சிவப்புப் பூக்கள், கீழ்நோக்கித் தொங்குகின்றன. மூதாட்டியார் கண்ணாடியைத் தேடி அணிந்து, தொலைபேசியைக் கண்ணருகே பிடித்து, விரலை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இரண்டு, தம்பி" என்றார்.