சின்ன கேம்பஸில் சிநேகிதம்

சின்னப் பல்கலைக்கழகத்தில் சேரப்போகும் பிள்ளைகளுக்குப் பாடத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. "அங்க இருக்கறதே கொஞ்சம் பேர். அதுல எனக்கு ஒத்துப்போற ஆள் கிடைக்கலைன்னா?" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகவே பேசலாம்.

கூட்டம் பெரிதாக இருந்தால்தான் நமக்கேற்ற ஆள் அகப்படுவார் என்று நினைக்கிறோம். ஆனால், கல்லூரியில் யாருக்கு யார் நண்பர் ஆகிறார்கள் என்று கவனித்தால், தேடிக் கண்டுபிடித்த நட்பு குறைவு. தினமும் எதிரே வந்து நின்றவரோடு ஏற்பட்டதுதான் அதிகம்.

இதை முதன்முதலில் அக்கறையாக அளந்து பார்த்தவர்களில் லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் முக்கியமானவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவத்திலிருந்து திரும்பிய இளைஞர்கள் பலர் மனைவி மக்களோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படிக்க வந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு இருந்தது. இன்னாருக்குப் பக்கத்தில்தான் வீடு வேண்டும் என்று யாரும் கேட்டு வாங்க முடியாது. கிடைத்த வீட்டில் குடியேற வேண்டும். கீழே ஐந்து வீடு, மேலே ஐந்து வீடு என்று கட்டியிருந்தார்கள். "இங்கே நீங்கள் அதிகம் பழகும் மூன்று பேர் யார்?" என்று ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டார்கள். அதே தளத்தில் பக்கத்து வீட்டாரைச் சொன்னது 41 சதவீதம். ஒரு வீடு தள்ளியிருந்தால் 22, இரண்டு வீடு தள்ளியிருந்தால் 16. கடைக்கோடியில் இருப்பவர் என்றால் 10. இத்தனைக்கும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க அரை நிமிஷம்கூட ஆகாது.

1950-ல் அவர்கள் வெளியிட்ட புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மாடிப்படியைப் பற்றியது. கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கு மேல்தளத்தில் சிநேகிதர்கள் அதிகம். அந்தப் படியில் மேலே போகிறவர்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்? அதே வளாகத்தில் இன்னொரு பக்கம், பொது முற்றத்தைச் சுற்றித் தனி வீடுகள் இருந்தன. அவற்றில் சில வீடுகளின் வாசல் மட்டும் தெருப்பக்கம் திரும்பியிருந்தது. அங்கே குடியிருந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தாரோடு பழக்கம் குறைந்துபோனது. அவர்கள் கூச்ச சுபாவக்காரர்களோ, முசுடுகளோ அல்ல. வாசல் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

மேரிலாண்ட் மாநிலப் போலீஸ் பயிற்சிப் பள்ளியிலும் இப்படி ஒன்று நடந்தது. அங்கே வகுப்பில் இடமும் தங்கும் அறையும் பெயரின் அகரவரிசைப்படி. நட்பும் ஏறக்குறைய அந்த வரிசையிலேயே அமைந்ததை மேடி சீகல் என்ற சமூகவியலாளர் 1974-ல் எழுதினார். நம் ஊரில் ரோல் நம்பர்படி லேப் பேட்ச் பிரிக்கிறோம் அல்லவா? பெயர் 'எஸ்'ஸில் தொடங்கும் நாலு பேர் மூன்று வருஷமும் ஒரே செட்டாகத் திரிவதை எந்தக் கல்லூரியிலும் பார்க்கலாம்.

ஆகவே, முதல் வாரத்தில் உங்களுக்கு அமையும் செட்டு பெரும்பாலும் தற்செயல். அது நல்ல செட்டாகவும் இருக்கலாம். ஆனால் அதோடு கதவைச் சாத்திவிட வேண்டாம். மெஸ்ஸில் ஒரு நாள் வேறு மேஜையில் தட்டை வையுங்கள். வகுப்பில் இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள். அறைக்கதவு திறந்தே இருக்கட்டும், வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

இனி சின்ன இடத்துக்கு வருவோம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர்களையும், அதே மாநிலத்துச் சின்னக் கல்லூரிகளில் படிக்கும் நண்பர்களையும் ஒப்பிட்டு ஏஞ்சலா பான்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய இடத்தில் விதவிதமான ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் நட்பும் விதவிதமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? கண்டது நேர்மாறு. பெரிய இடத்து நண்பர்கள்தான் கருத்திலும் பழக்கத்திலும் ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் இருக்கும்போது, தன்னைப் போலவே இருக்கும் ஆளைத் தேடிப் பிடித்துக்கொள்ள முடிகிறது. சின்ன இடத்தில் அந்த வசதி இல்லை. இருப்பவர்களோடு பழகித்தான் ஆக வேண்டும்.

நம் சூழலில் இதற்கு இன்னும் கனம் அதிகம். பெரிய கேம்பஸ்களில் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், ஒரே சாதிக்காரர்கள் ஒரு பக்கம், இங்கிலீஷ் மீடியம் ஒரு பக்கம், தமிழ் மீடியம் ஒரு பக்கம் என்று மூன்று வருஷத்தையும் ஓட்டிவிட்டு வெளியே வருகிறவர்கள் ஏராளம். சின்ன இடத்திலும் இந்தக் கோடுகள் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் இருபது பேர் என்றால், கோட்டுக்குள்ளேயே நின்று காலம் தள்ளுவது கஷ்டம். ரெக்கார்டு நோட்டு வாங்கவும், காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கவும், ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டுவரை துணைக்குப் போகவும் கோட்டைத் தாண்டியே தீர வேண்டும். வீட்டில் யாரும் அறிமுகப்படுத்தியிருக்காத ஒருவரோடு பதினெட்டு வயதில் சிநேகம் ஆவது பெரிய பாக்கியம். சின்னக் கல்லூரி அதை நம் கையில் திணிக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மனஸ்தாபம் வந்தால் ஒளிய இடமில்லை. காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் மத்தியானம் மெஸ் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார். ஒருவரைப் பற்றிச் சொன்ன வார்த்தை சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். எனவே சண்டை போட்டாலும் பேச்சை அடியோடு அறுத்துவிடாதீர்கள். "சாப்பிட்டியா?" என்ற ஒரு வார்த்தைக்காவது வழி இருக்கட்டும்.

கூச்சப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக ஒருவரிடம் பேசிவிட்டு வந்ததும், "உளறிட்டேன், என்னைப் பிடிச்சிருக்காது" என்று தோன்றும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் எரிகா பூத்பியும் உடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்தார்கள். பேசிய இருவருமே, எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகத் தங்கிய முதலாண்டு மாணவர்களிடம் இந்தத் தப்புக் கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது. உங்கள் அறைத்தோழியும் இந்த நிமிஷம் உங்களைப் பற்றி அதே பயத்தில் இருக்கக்கூடும்.

பிறகு, நேரம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90. நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம் இதில் அவ்வளவாக உதவவில்லை. சும்மா பேசி, சாப்பிட்டு, சுற்றிய நேரம்தான் உதவியது. அப்படிச் சேர்ந்திருக்கும் நேரம் படிப்போடேயே கிடைக்கிற இடமும் உண்டு. காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கிராமத்துக்குப் போய்த் தங்கிப் பணிசெய்வது படிப்பிலேயே ஒரு பகுதி. அந்தத் தங்கலின் நோக்கம் கிராம சேவை. என்றாலும், இரவும் பகலும் கூடவே இருக்கும் அந்த நாட்கள் சக மாணவர்களுக்குள் செய்யும் வேலையும் சின்னதல்ல.

கடைசியாக, பெற்றோர்களுக்கும் சேர்த்து ஒன்று. சின்ன ஊர்க் கல்லூரிகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பாதி ஹாஸ்டல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடும். மிச்சமிருப்பவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒன்றாகத் துணி துவைத்து, ஒன்றாக டீக்கடைக்கு நடந்து, ராத்திரி மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் ஒரு வாரக்கடைசிக்கு 20 மணி. ஐந்து வாரத்தில் 100. ஆகவே, முதல் இரண்டு மாதம் மட்டும் பிள்ளையை வாராவாரம் வீட்டுக்குக் கூப்பிடாமல் இருங்கள். பலகாரம் ஏதாவது செய்தால் டப்பாவில் கட்டிக் கொடுத்தனுப்புங்கள், நாலு பேருக்கு வருகிற அளவுக்கு.