நாய் மெல்லுதற்கேற்ற பொருள்கள்

பட்டியையும் களத்தையும் காக்கும் நாய்க்குத் தீனியைப் போலவே மெல்லும் பொருளும் அவசியமாகும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு. மெல்லுவதால் அவற்றிற் படியும் அழுக்குத் தேய்ந்து நீங்கும்; நாயும் அமைதியாயிருக்கும். மெல்ல ஒன்றும் கிடைக்காத நாய் செருப்பையும் கயிற்றையும் கடித்துப் பாழாக்கும்.

சில நாய்கள் எதைக் கொடுத்தாலும் முகர்ந்துவிட்டு விலகிச் செல்லும். அத்தகைய நாயின் வாயை முதலிற் சோதித்தல் வேண்டும். ஈறு வீங்கியிருந்தாலும், பல் உடைந்திருந்தாலும், துர்நாற்றம் வீசினாலும் மிருக வைத்தியரிடம் காட்டுக. முன்பு விரும்பி மென்ற நாய் திடீரென மறுத்தால் பல்வலி இருத்தல் கூடும்.

நெடுநாள் உழைக்கும் என்று கருதி மாட்டுக் குளம்பு, கொம்பு, தொடையெலும்பு ஆகியவற்றைப் பலர் கொடுக்கின்றனர். இது தவறாகும். நாயின் பல்லை மூடியுள்ள பளிங்குறை மனிதரின் பல்லுறையைக் காட்டிலும் மெல்லியது. மிகக் கடினமான பொருளைக் கடிக்கையில் மேற்றாடையிலுள்ள பெரிய கடைவாய்ப் பல் பிளந்துவிடுகிறது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதேனும் பதியும் பொருளே ஏற்றது. மான் கொம்பும் இச்சோதனையிற் தேறாது. அன்றியும், 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் வியாபாரம் குற்றமாகும். நேபாளத்தில் பாலைத் திரித்து உலர்த்திச் செய்யும் சுர்ப்பி என்னும் கட்டியும் மிகக் கடினமானதாகையால் சோதித்தே கொடுத்தல் வேண்டும்.

வேகவைத்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைத் துளைக்கும். பதப்படுத்திய தோற்கட்டிகளைத் துண்டாக விழுங்கினால் அவை வயிற்றில் ஊறிப் பருத்து அடைப்பை உண்டாக்கும்.

உலர்த்திய மாட்டுத் தசைநார், காது, காளையின் குறி ஆகியவை மெல்ல மெல்ல இளகுவன, வாசனையும் உடையவை. முகஞ்சுளிக்கும் நாய்க்கு வாசனையே முக்கியம். வெங்காயமும் உப்பும் சேராத இறைச்சிச் சாற்றை வெதுவெதுப்பாக அவற்றின்மேல் தடவி, தீனிக்கு முன், பசியுள்ள வேளையிற் கொடுக்கலாம். கால் மணி நேரத்திற்குள் தொடாவிடில் எடுத்துவிட்டு மறுநாள் மீண்டும் கொடுத்துப் பார்க்கவும். ஒரு பொருளைச் சில நாட்கள் மறுத்தால் வேறொன்றை மாற்றுக. இவற்றில் சத்து மிகுதியாதலால், அதற்கேற்பத் தீனியைக் குறைத்தல் நலம்.

துண்டு நாயின் வாயிற்குள் முழுவதும் அடங்காத நீளமுள்ளதாயிருத்தல் வேண்டும். மெல்லும்போது ஒருவர் அருகிலிருந்து கவனித்து, விழுங்கத்தக்க அளவிற்குச் சிறுத்தவுடன் எடுத்துவிடுதல் அவசியம். பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவுக.

ஆடுமாடுகளின் ஈரல், நுரையீரல் முதலியவற்றைப் பச்சையாக ஒருபோதும் நாய்க்கு இடலாகாது. அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளைத் தின்றால் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் நாயின் மலத்துடன் வெளிப்பட்டு, மனிதர் வயிற்றிற் புகுந்து, ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கும். நாயோடு விளையாடும் குழந்தைகளுக்கு இவ்வபாயம் அதிகம். ஆகவே, கழிவிறைச்சியை நன்கு வேகவைத்தே இடுதலும், கட்டி கண்ட உறுப்புக்களை எரித்தலும், அல்லது நாய் தோண்ட இயலாதபடி ஆழப் புதைத்தலும் குடும்பத்தார் அனைவருக்கும் காப்பாகும்.